நுவரெலியா வீட்டு கீசர் ஒழுகுது, இங்க போட்ட மாதிரி இன்ஸ்டன்ட் போட்டா சரிவருமா?

உவர்மலை மருமகன்:

எல்லாருக்கும் வணக்கம். நான் இருக்கிறது திருமலைல (திருகோணமலை), ஆனா கேள்வி நுவரெலியா வீட்டைப் பத்தினது. மனிசியிட அம்மா அப்பா அங்கதான் இருக்காங்க. மாமாவுக்கு 74 வயசு, மாமிக்கு முழங்கால் நோ, பச்சைத்தண்ணில குளிக்கவே ஏலாது. பாத்றூம்ல 30 லீற்றர் கீசர் ஒண்டு தொங்குது, போட்டு பதினொரு வருசம் இருக்கும். போன கிழமை மாமா கோல் எடுத்து அடியால தண்ணி சொட்டுது எண்டார், அதுக்குப் பிறகு ரெண்டு நாளா கீசர் சுவிச்சைப் போட்டவுடன ட்ரிப் சுவிச் விழுகுதாம், வீடு முழுக்க கரண்ட் போயிடுது. அங்க பக்கத்தில ஒரு ஆள் வந்து பாத்திட்டு "ட்ரிப் சுவிச் பழசாப் போச்சு, அதைக் கழட்டிட்டு நேரா குடுத்தா சரி" எண்டு சொல்லிட்டுப் போயிருக்கார். நல்லகாலம் மாமா என்னைக் கேக்காமச் செய்ய மாட்டன் எண்டிருக்கார்.

இப்ப மாமி அடுப்பில பானை வச்சு கொதிதண்ணியைத் தூக்கிட்டு பாத்றூமுக்குப் போறா. எனக்கு அதுதான் பயம், வழுக்கினா என்ன கெதி.

எங்கட வீட்டில 3.5 கிலோவாட் இன்ஸ்டன்ட் ஒண்டு மூண்டு வருசத்துக்கு முன்னம் போட்டது. சும்மா சொல்லக்கூடாது, மார்கழி மாரி அடிக்கிற நேரமும் சுவிச்சைத் தட்டினா சுடச்சுட வரும், டாங்கி இல்ல, காத்திருக்கத் தேவையில்ல. அதே மாதிரி ஒண்டை இங்க மெயின் ஸ்ட்ரீட்ல வாங்கி வானில கொண்டுபோய் பொங்கலுக்கு முன்னம் பூட்டிக் குடுக்கலாமெண்டு யோசிக்கிறன். கடைக்காரரும் தாராளமா சரிவரும் எண்டுறார். மனிசி மட்டும் "அங்க அது சரிவராது, உங்களுக்கு குளிர் எண்டா என்னெண்டே தெரியாது" எண்டு ஒரே பிடி. கடைக்காரர் சரியா மனிசி சரியா எண்டு யாராவது தெரிஞ்சாக்கள் சொல்லுங்க. (மனிசி இதை வாசிக்க மாட்டா, பயமில்லாமச் சொல்லலாம்)

நிலாவெளிக் காத்து:

இங்க கன்னியாவில ஏழு சுடுதண்ணிக் கிணறு சும்மா கிடக்கு, அங்கயிருந்து நுவரெலியாவுக்கு பைப் போட்டு விடுங்க மச்சான். இராவணன் வாளால குத்தினது இதுக்குத்தான்.

பகிடி விடுறன். மனிசி சொன்னா சரியாத்தான் இருக்கும்.

பாலையூற்று வயர்மேன்:

முதல்ல ஒண்டு. ட்ரிப் சுவிச்சைக் கழட்டி நேரா குடு எண்டு சொன்ன ஆளை இனி அந்த வீட்டு வாசல் மிதிக்க விடாதீங்க. கீசர் போட்டவுடன ட்ரிப் விழுகுதெண்டா ட்ரிப் பழுதில்ல, ட்ரிப் தன்ட வேலையைச் செய்யுது. உள்ளுக்குள்ள தண்ணியைச் சூடாக்குற கம்பி, அதான் எலிமெண்ட், வெடிச்சோ, ஒழுகிற தண்ணி வயர் முனையில பட்டோ கரண்ட் டாங்கியிட உடம்புக்கு வருது, அது எர்த்தால ஓடுறதை 30 மில்லி ஆம்பியர்லயே பிடிச்சு வெட்டுது. அதைக் கழட்டிட்டு எர்த்தும் ஒழுங்கா இல்லையெண்டா ஈரக்காலோட ஷவருக்குக் கீழ நிக்கிற ஆள்தான் எர்த். விளங்குதுதானே. இப்பவே மாமாவுக்கு கோல் எடுத்து கீசர் பிரேக்கரை நிப்பாட்டி அதுக்கு மேல ஒரு டேப் ஒட்டி வைக்கச் சொல்லுங்க, நீங்க போற வரைக்கும் ஒருத்தரும் தொடக்கூடாதெண்டு.

இனி உங்கட கேள்விக்கு வாறன். இன்ஸ்டன்ட் எண்டுறது ஒரு மந்திரமும் இல்ல, ஓடுற தண்ணியை ஓட ஓட சூடாக்குறது, அவ்வளவுதான். அதால எவ்வளவு தண்ணி சூடா வரும் எண்டுறதை தீர்மானிக்கிறது உள்ளுக்க வாற தண்ணி எவ்வளவு குளிரா வருது எண்டுறதுதான். எங்கட கூரை டாங்கில தண்ணி 28 பாகை, பகல்ல இன்னும் கூட, மத்தியானம் குழாயைத் திறந்தா கைசுடும், கச்சான் காத்து அடிக்கிற மாசத்தில கேக்கவே வேணாம். குளிக்க 40 பாகை காணும், அப்ப ஏத்த வேண்டியது வெறும் 12 பாகை. 3.5 கிலோவாட்டால அந்த 12 பாகையை நிமிசத்துக்கு 4.2 லீற்றருக்கு ஏத்தலாம், அது ஒரு அளவான ஷவர். நுவரெலியாவில தை மாசம் விடியப்புறம் டாங்கித் தண்ணி 15 பாகை எண்டு வையுங்க, அதுக்குக் கீழயும் போகும். 25 பாகை ஏத்தோணும். அதே மிசின் அங்க நிமிசத்துக்கு 2 லீற்றர்தான் தரும். 15 லீற்றர் வாளி ஒண்டு நிரம்ப ஏழரை நிமிசம். மாமி உடுப்பில்லாம நடுங்கிக்கொண்டு நூல் மாதிரி விழுற தண்ணியைப் பாத்துக்கொண்டு நிக்கோணும்.

சரி பெரிசாப் போடுவமெண்டா, நிமிசத்துக்கு 4 லீற்றர் வேணுமெண்டா கிட்டத்தட்ட 7 கிலோவாட் வேணும், 230 வோல்ட்ல அது 30 ஆம்பியர். வீட்டு மீற்றரே 30 ஆம்பியர்தான் பெரும்பாலும். மாமா குளிக்கிற நேரம் மாமி கேத்திலைப் போட்டா முடிஞ்சுது கதை.

கடைக்காரர் பொய் சொல்லேல்ல, அவர் திருமலைக் கணக்குச் சொல்லியிருக்கார். உங்கட மனிசி சரி.

இன்னொண்டு கேக்கோணும். சொட்டுது சொட்டுது எண்டுறீங்க, எங்கயிருந்து சொட்டுது? பச்சைத்தண்ணி உள்ள போற பைப்பில ஒரு சின்ன பித்தளை வால்வு இருக்கும், அதில மூக்கு மாதிரி ஒரு துவாரம். அதால சொட்டுறதெண்டா பயமில்ல. கீழ வெள்ளை மூடிக்குள்ளால தேத்தண்ணி நிறத்தில கறள் தண்ணி வருதெண்டா டாங்கி முடிஞ்சுது. மாமாவை டோர்ச் அடிச்சுப் பாக்கச் சொல்லுங்க, பிரேக்கரை நிப்பாட்டிட்டு.

பீலித்தண்ணி:

நான் நுவரெலியாவுல பொறந்து வளந்தவ, கல்யாணம் கட்டி திருகோணமலைக்கு வந்து பத்தொம்பது வருசம். அண்ணே உங்க வீட்டம்மா சொல்றது நூத்துக்கு நூறு உண்மை. 1868 மீற்றர் ஒசரம், தை மாசி மாசத்துல காலைல எழும்பி பாத்தா புல்லு மேல வெள்ளையா பனி ஒறஞ்சு கெடக்கும், தேயிலைக் கொழுந்து கருகிப்போகும். நாங்க சின்னப்புள்ளைல பீலிக்கரைல குளிக்கிறப்ப மொதச் செம்பு ஊத்துறதுக்கு முன்னாடி கண்ண மூடிக்கிட்டு சாமியக் கும்புடுவோம், ரெண்டாவது செம்புல ஒடம்பு மரத்துப்போயிரும் அதுக்கப்பறம் ஒண்ணும் தெரியாது 😄

ஒண்ணே ஒண்ணு சொல்றேன், வயசானவங்க ஷவர்ல குளிக்கவே மாட்டாங்க. ஷவர் தண்ணி ஒரு பக்கம் பட்டா மறுபக்கம் குளிரும். வாளில கலந்து வச்சிக்கிட்டு மடமடன்னு ஊத்தி முடிச்சிட்டு துண்டச் சுத்திக்கிட்டு அடுப்படிக்கு ஓடிருவாங்க. அவங்களுக்கு வேணும்னா ஒரே தடவைல ரெண்டு வாளி சுடுதண்ணி. டாங்கி கீசர் தான் அதுக்குத் தோது. எங்கம்மா வீட்ல 50 லீற்றர் இருக்கு, காலைல அஞ்சரைக்கு போட்டா ஏழு மணிக்கு சுட்டுரும்.

உவர்மலை மருமகன்:

வயர்மேன் அண்ணை, பிரேக்கரை நிப்பாட்டி மாமா டேப் ஒட்டிட்டார், மூண்டு சுத்து.

டோர்ச் அடிச்சும் பாத்திட்டார். கறள் தண்ணிதான், வெள்ளை மூடி ஓரத்தால வருது, சுவரில செங்கோடு மாதிரி இறங்கியிருக்கு, போட்டோ அனுப்பினவர். ஆனா நீங்க சொன்ன பித்தளை மூக்கு எங்க எண்டு கேட்டா, "அது போன வருசமே சொட்டினது தம்பி, நான் கொய்யாக்குச்சி ஒண்டை சீவி அடிச்சு இறுக்கிட்டன், அதுக்குப் பிறகு ஒரு சொட்டு வரேல்ல" எண்டு பெருமையாச் சொல்றார்!! அது பிழையா?

பாலையூற்று வயர்மேன்:

ஐயோ.

மாமாவோட கோவிக்காதீங்க, எத்தினையோ வீட்டில பாத்திருக்கன், எம்சீல் வச்சு அடைச்சவங்களும் இருக்கிறாங்க. ஆனா அது பெரிய பிழை. தண்ணி சூடாகினா பெருகும். 50 லீற்றர் டாங்கியில 15 பாகைத் தண்ணி 60 பாகைக்கு ஏறினா ஏறக்குறைய 0.8 லீற்றர் கூடும், உங்கட 30 லீற்றரில அரை லீற்றர். அந்தக் கூடின தண்ணி திரும்பி பைப்பால போக ஏலாது, ஏனெண்டா அந்த வால்வு ஒருபக்கம்தான் விடும். அப்ப அது போறதுக்குத்தான் அந்த மூக்கு. சூடாகிற நேரம் சொட்டுச் சொட்டா வந்தா அது நோய் இல்ல, சுகமா இருக்குது எண்டு அர்த்தம். அதை அடைச்சா ஒவ்வொருநாளும் அந்த அரை லீற்றரும் டாங்கியை உள்ளுக்கயிருந்து நெருக்கும், பிறகு வெல்டிங் பிடிச்ச இடம் இளகி, உள் பூச்சு வெடிச்சு, கறள் பிடிச்சு இப்ப ஒழுகுது. சூடு கூடினா கரண்டை வெட்டுற தேமோஸ்டற்றும் அதே நேரம் வேலை செய்யாம விட்டிருந்தா என்ன நடந்திருக்கும் எண்டு சொல்ல விருப்பமில்ல.

டாங்கியில ஓட்டை எண்டா ஒட்ட ஏலாது. மாத்துங்க.

பனிக்கரடி திருமலை:

நான் உப்புவெளிப் பொடியன், இப்ப கனடாவில ஒன்ராறியோ, பதினாலு வருசமாச்சு. குளிர்ல ஹீற்றர் எண்டவுடன வாசிக்காம இருக்க ஏலேல்ல.

வயர்மேன் சொல்ற கணக்கு இஞ்சையும் அதேதான், கொஞ்சம் கொடூரமா. வெளியில மைனஸ் 25 எண்டாலும் தண்ணி பைப் நிலத்துக்குள்ள ஆழத்தில வாறபடியால் உறையாது, ஆனா வீட்டுக்குள்ள வரேக்க 4, 5 பாகைதான். முகம் கழுவினா பல்லு கூசும். அதால எல்லாரும் நிலவறையில 50 கலன் டாங்கி, உங்கட அளவில 189 லீற்றர், கீழ காஸ் அடுப்பு எரியும், அந்த அடுப்பு மட்டும் 11 கிலோவாட்டுக்கு மேல. அப்பிடி இருந்தும் கோடையில மூண்டு பேர் குளிக்கிற தண்ணியில மாரியில ரெண்டு பேர்தான் குளிக்கலாம், மூண்டாவது ஆள் நான்.

எங்கட டாங்கி போனது ஒரு தை மாசம் வெள்ளிக்கிழமை பின்னேரம். சப்பாத்து வைக்கிற இடமெல்லாம் தண்ணி. ஒன்ராறியோவில கன வீட்டில ஹீற்றர் வாடகைக்குத்தான், மாசாமாசம் காசு போகும், எங்களுக்கும் அப்பிடித்தான். அதுக்கு முதல் ஒருக்கா ஒருத்தன் கதவைத் தட்டி அடையாள அட்டை மாதிரி ஒண்டைக் காட்டி உங்கட ஹீற்றர் பழசு, அரசாங்கம் மாத்தச் சொல்லுது எண்டு கையெழுத்து வேண்டிக்கொண்டு போயிட்டான், பிறகு பாத்தா வேற கொம்பனி, பத்து வருச ஒப்பந்தம். அந்த மாதிரி வீடுவீடா வந்து ஹீற்றர் விக்கிறதை ஒன்ராறியோவில 2018 பங்குனியில சட்டம் போட்டு நிப்பாட்டினவை, எனக்கு அது பிந்திப்போச்சு. இதை ஏன் சொல்லுறன் எண்டா, ஹீற்றர் போன அண்டைக்கு முடிவு எடுக்கப்படாது. குளிர்ல நடுங்கிற ஆள் எதுக்கும் ஓம் எண்டுவான்.

பயனா ஒண்டு சொல்லுறன். டாங்கிக்குள்ள மக்னீசியம் கம்பி ஒண்டு இருக்கும், அனோட் எண்டுவினம். தண்ணி டாங்கியைத் தின்னாம முதல்ல அந்தக் கம்பியைத் தின்னும். கம்பி கரைஞ்சு முடிஞ்சா அடுத்தது டாங்கி. புதுசு வேண்டேக்க கம்பி மாத்தக்கூடிய மாதிரி இருக்கோ, அந்தக் கம்பி தனிய விலைக்குக் கிடைக்குமோ எண்டு கேளுங்கோ. ரெண்டு மூண்டு வருசத்துக்கு ஒருக்கா கழட்டிப் பாத்தா டாங்கி நீடிக்கும். நான் முதல்முறை கழட்டேக்க வெறும் கம்பி நூல்தான் மிஞ்சியிருந்தது, மீன் முள்ளு மாதிரி.

நிலாவெளிக் காத்து:

எங்கட கெஸ்ட் ஹவுஸ்ல நாலு அறைக்கும் சோலார்தான், ஒரு சதம் கரண்ட் செலவில்ல. அங்கயும் சோலார் போட்டா என்ன? இல்லாட்டி காஸ் ஹீற்றர், அது 10 லீற்றர் 12 லீற்றர் எண்டு நிமிசத்துக்கு தருமாம், குளிருக்கு நல்லமெண்டு கேள்வி.

பீலித்தண்ணி:

சோலார் நெலாவெளி வெயிலுக்கு சரி. நுவரெலியாவுல மழைக்காலத்துல வாரக்கணக்கா மூடுபனிதான், சூரியனப் பாத்தா தெருவுல நின்னு பாப்போம். சோலார் போட்டவங்களும் கரண்ட் எலிமெண்ட் வச்சுத்தான் ஓட்டுறாங்க, வயசான ரெண்டு பேருக்கு அவ்வளவு காசு எதுக்கு. கூரைல ஏறி யாரு துப்புரவாக்குறது.

பாலையூற்று வயர்மேன்:

காஸ் ஹீற்றர் சக்தி கூட, அது உண்மை. ஆனா குளிர் ஊரில ஆக்கள் என்ன செய்வாங்க? ஜன்னலை இறுக்கிச் சாத்துவாங்க. பாத்றூமுக்குள்ள காஸ் ஹீற்றர் எரிஞ்சா அந்தப் புகை வெளிய போக வழியில்ல, காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்ல நிறமும் இல்ல, தலை சுத்துது எண்டு இருக்க இருக்க ஆள் முடிஞ்சிடும். போடுறதெண்டா வெளிச்சுவரில போடோணும், புகைக்குழாய் இருக்கோணும். அதோட 2022ல 12.5 கிலோ சிலிண்டருக்கு ரோட்டில நிண்ட வரிசை எனக்கு இன்னும் மறக்கேல்ல. மாமா மாமிக்கு வேணாம்.

கரண்ட் டாங்கி 50 லீற்றர், 2 கிலோவாட். கணக்கு இப்பிடி: 15ல இருந்து 60க்கு ஏத்த 2.6 யூனிட், நேரம் ஒண்டேகால் மணித்தியாலத்துக்கு கொஞ்சம் கூட. அந்த 60 பாகைத் தண்ணியோட பச்சைத்தண்ணி கலந்தா 40 பாகையில 90 லீற்றர், ஆறு வாளி. இதே டாங்கி இங்க உங்கட வீட்டில இருந்தா 130 லீற்றருக்கு மேல கிடைக்கும், அதுதான் ரெண்டு ஊருக்கும் வித்தியாசம். பழைய 30 லீற்றர் எண்டா 54 லீற்றர், ரெண்டு பேருக்கு மட்டுமட்டு, நீங்க பிள்ளைகளோட போய் நிக்கிற நாளில காணாது. 80, 100 எண்டு போகத் தேவையில்ல, சூடாக்கி வச்சு ஆறவிடுறது வீண்.

சூட்டை 60க்குக் கீழ வைக்க வேணாம், இளஞ்சூட்டுத் தண்ணி டாங்கியில நாள்கணக்கா நிண்டா கிருமி வளரும். ஆனா 60 பாகை நேரா மேல பட்டா அஞ்சு செக்கனே காணும் தோல் வெந்துபோக, வயசானாக்களுக்கு அதுக்கும் முந்தி. அதால வாளியில முதல் பச்சைத்தண்ணி, பிறகு சுடுதண்ணி, கையை விட்டுப் பாத்திட்டு குளிக்கோணும். மாமிக்கு இதைச் சொல்லுங்க.

சுவரை மறந்திடாதீங்க. 50 லீற்றர் தண்ணி 50 கிலோ, டாங்கியோட சேத்தா 70 வரும். 4 அங்குல புளொக் சுவரெண்டா வோல் பிளக் ஆணி நம்ப ஏலாது, மற்றப் பக்கத்தால தகடு வச்சு நீட்டு போல்ட் போட்டு இறுக்கோணும். சுடுதண்ணி லைனுக்கு சாதாரண பிவிசி பாவிக்கக்கூடாது, இளகி வளைஞ்சு மூட்டு கழரும், சூடு தாங்கிற பிபிஆர் இல்லாட்டி சிபிவிசி பைப் போடுங்க. பைப்புக்கு மேல கறுப்பு ஸ்பொஞ்சு உறை ஒண்டு வரும், அதைச் சுத்துங்க, அந்தக் குளிருக்கு அது கட்டாயம். வயர் தனி லைன், தனி பிரேக்கர். ட்ரிப் சுவிச்சில டெஸ்ட் பட்டன் இருக்கும், அமத்தி விழுகுதா எண்டு பாத்திட்டுத்தான் கீசரைத் தொடோணும்.

அதோட இங்கயிருந்து வாங்கிக்கொண்டு போகாதீங்க. அங்க கண்டியிலயோ நுவரெலியாவிலயோ வாங்கினா பூட்டுறதும் வாரண்டியும் அங்கயே முடியும். பழுதானா திருமலைக்கா தூக்கி வரப்போறீங்க.

உவர்மலை மருமகன்:

பொங்கலுக்குப் போய் வந்திட்டம், முடிவைச் சொல்லாம விட்டா சரியில்லை எண்டு எழுதுறன். 50 லீற்றர், 2 கிலோவாட், அங்கயே வாங்கினது. பாத்றூம் சுவர் வயர்மேன் அண்ணை சொன்ன மாதிரி 4 அங்குல புளொக்தான், பின்னால சாமி அறை, போல்ட் தகடு சரியா பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில வந்திட்டுது, மாமி முதல்ல முணுமுணுத்தா பிறகு அதில ஒரு மாலையைக் கொழுவி விட்டிட்டா. பழைய டாங்கியைக் கழட்டேக்க அனோட் கம்பியைத் தேடினன், கம்பியே இல்ல, அடியில சேறு மாதிரி ஒரு கை அளவு. கொய்யாக்குச்சியை மட்டும் நான் எடுத்து வச்சிருக்கன்.

விடிய நானும் குளிச்சன், நாலு பாகையாம் வெளியில. மனிசி வெளிய நிண்டு "இப்ப இன்ஸ்டன்ட் இருந்திருந்தா?" எண்டு கேட்டா. கடவுளே.

நேத்து மாமா கோல். "தம்பி, புதுசும் ஒழுகுதடா, கடைக்காரன் ஏமாத்திட்டான்" எண்டார். மூக்காலயா எண்டு கேட்டன், ஓம் எண்டார். கத்தியைக் கீழ வையுங்க மாமா எண்டு சொல்லி வச்சிருக்கன்.

பாலையூற்று வயர்மேன்:

மூக்கில ஒரு டியூப் கொழுவி கீழ ஒரு லீற்றர் போத்தல் ஒண்டு வைக்கச் சொல்லுங்க. ஒருக்கா சூடாக்கிறதுக்குள்ள போத்தல் நிரம்பி வழிஞ்சா மட்டும் எழுதுங்க.